ஃபோர்டு எஃப்-100, செவர்லே சி10: பெட்ரோல் முள் பொய் சொன்னால் எங்கே கை வைப்பது?

பழைய அமெரிக்க பிக்கப் வாங்க ஆசைப்படுபவர்கள் முன்னால் 1967 முதல் 1972 வரை வந்த ஃபோர்டு எஃப்-100, செவர்லே சி10 இரண்டும் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வந்து நிற்கும். இன்ஜின், துரு, விலை என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் பெட்ரோல் மீட்டரை மட்டும் கண்டுகொள்வதில்லை. ஐம்பது வருடம் தாண்டிய வண்டியில் அது ஒழுங்காகக் காட்டினால் அதிர்ஷ்டம்தான். ஆனால் கெட்டுப்போகும் விதத்தில் இரண்டும் நேர் எதிர். ஃபோர்டில் பழகிய கையை அப்படியே செவர்லேயில் வைத்தால், நல்ல சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக்கொண்டிருப்போம்.

இரண்டிலும் வழக்கமான டாங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டுவது இன்று நினைத்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். 1973 மாடலில் இரண்டு கம்பெனிகளுமே அதை வெளியே கொண்டுபோய்விட்டன. ரிப்பேர் என்று வந்தால் மட்டும் பழைய ஏற்பாடுதான் சௌகரியம்: இருக்கையை முன்னால் சாய்த்தால் போதும், டாங்க் கைக்கு எட்டிவிடும். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்.

இனி வித்தியாசம். செவர்லே மீட்டருக்குள் இரண்டு காயில்கள் (கம்பிச்சுருள்கள்) முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே மாறுவதால் அளவு பெரிதாகப் பிசகாது. டாங்குக்குள் மிதவையோடு இருந்து அளவை மீட்டருக்குச் சொல்வது டாங்க் யூனிட்; பெட்ரோல் ஏற இறங்க அதன் மின்தடை (ஓம்) மாறும். செவர்லேயில் காலியில் 0 ஓம், முழுசில் 90 ஓம். ஃபோர்டு மீட்டர் சூட்டில் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். அதனால்தான் சாவி போட்டதும் முள் சோம்பலாக எழுந்து வருகிறது. யூனிட்டின் கணக்கும் தலைகீழ்: காலியில் சுமார் 73 ஓம், முழுசில் சுமார் 10.

இந்தத் தலைகீழ் கணக்குதான் ஆளைக் குழப்புவது. டாங்க் பக்க ஒயரைக் கழற்றி பாடியில், அதாவது எர்த்தில், தொட்டுப் பார்ப்பது மெக்கானிக்குகளின் முதல் சோதனை. ஃபோர்டில் தொட்டால் முள் முழுசுக்கு ஏற வேண்டும், கழற்றி விட்டால் காலிக்கு விழ வேண்டும். செவர்லேயில் தொட்டால் காலி. கழற்றி விட்டால் முழுசையும் தாண்டி ஓடும். இது தெரியாமல், “எர்த்தில் தொட்டேன், முள் எழும்பவே இல்லை, மீட்டர் போச்சு” என்று செவர்லே மீட்டருக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அது சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். ஃபோர்டில் இன்னொரு கவனமும் வேண்டும். நேராக எர்த்தில் தொட்டு நெடுநேரம் பிடித்தால் மீட்டர் கருகிவிடலாம். நடுவில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு, முள் நிதானமாக ஏறும்வரை காத்திருப்பது நல்லது.

எர்த் கோளாறு வந்தால் இந்த வித்தியாசம் வெறும் குழப்பத்தோடு நிற்காது. புதிதாக பெயிண்ட் அடித்த வண்டிகளில் இது சர்வசாதாரணம்: டாங்குக்கும் பாடிக்கும் நடுவே பெயிண்டும் ரப்பரும் புகுந்து, எர்த் அரைகுறையாகிவிடும். அரைகுறை எர்த் என்றால் கூடுதல் ஓம். அந்தக் கூடுதலை ஃபோர்டு ‘பெட்ரோல் குறைவு’ என்று படிக்கும். நீங்கள் தேவைக்கு முன்பே பங்க்கில் நிற்பீர்கள், அவ்வளவுதான். செவர்லே அதையே ‘நிறைய இருக்கிறது’ என்று படித்து, நடுரோட்டில் நிறுத்திவிடும். ஒயர் தோல் உரிந்து பாடியில் உரசினால் கதை மாறும். அப்போது செவர்லே காலி என்று பயமுறுத்தும், ஃபோர்டு முழுசு என்று ஏமாற்றும். ஆனால் பழைய வண்டியில் எர்த் கெடுவதுதான் அதிகம் என்பதால், கோளாறான மீட்டரோடு ஓட்டியே ஆக வேண்டுமென்றால் நான் ஃபோர்டைத்தான் எடுப்பேன்.

ரிப்பேர் பார்க்க எளிது எது என்று கேட்டால் செவர்லே. பேட்டரி கரண்ட் நேராக மீட்டருக்குப் போகிறது. டேஷ்போர்டின் பின்னால் உள்ள பிரிண்டட் சர்க்யூட்டில் தொடர்பு விட்டிருக்கிறதா என்று பார்த்தால் அந்தப் பக்கம் பாதி வேலை முடிந்தது. ஃபோர்டில் நடுவே ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் அளவுக்குக் குறைக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும், பயப்பட வேண்டாம். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டினால் டாங்கைத் தொடவே தேவையில்லை, சந்தேகம் ரெகுலேட்டர் மேல்தான். அதற்கு எர்த் கிடைப்பது அதன் கூடு வழியாக. மீட்டர் பெட்டியைக் கழற்றித் தொங்கவிட்டுச் சாவியைப் போட்டால் எர்த் இல்லாமல் முழு 12 வோல்ட்டும் மீட்டர்களுக்குள் பாயும். நன்றாக இருந்ததும் அன்றோடு போச்சு.

எர்த்துக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்தும் சரியாகவில்லை என்றால் யூனிட்டின் ஓமை அளந்துவிடுங்கள். பெட்ரோல் போடப்போட ஓம் சீராக மாறாமல் ஓரிடத்தில் மட்டும் எகிறினால், உள்ளே கம்பிச்சுருள் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு போட்டாலும் காலி அளவிலேயே நின்றால் மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கும். மிதவை மட்டும் தனியாகவே கிடைக்கும், யூனிட் முழுவதையும் மாற்றாதீர்கள். கழற்றும்போது பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, கேபின் கதவுகள் இரண்டையும் திறந்து வைத்து, யூனிட்டைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைப் பித்தளை உளியால் தட்டுங்கள். இரும்பு உளி தீப்பொறி விடும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, அதே மாடலுக்குச் செய்த புது யூனிட். இன்னொன்று, கடையில் கிடைக்கும் பொது மீட்டரும் அதற்கேற்ற 240–33 ஓம் யூனிட்டும் சேர்ந்த செட். இரண்டாவது ஒரே நாளில் முடிகிற வேலை, அளவும் சரியாக இருக்கும். ஆனால் பழைய டேஷ்போர்டில் அந்நியமாக ஒரு வட்டம் முளைத்து நிற்கும். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே டேஷ்போர்டை வெட்டியிருந்தால் தவிர எனக்கு அதில் சம்மதமில்லை. செட்டில் பாதியை மட்டும் வாங்கி மற்ற பாதிக்குப் பழையதையே வைத்துக்கொள்வது இதைவிட மோசம்; ஓம் கணக்கு ஒட்டவே ஒட்டாது. செவர்லேக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு: 1965 வாக்கில் மாறுவதற்கு முன் அவர்களின் கணக்கு 0–30. அந்தக் காலத்து யூனிட்டை 90 ஓம் மீட்டரோடு சேர்த்தால், டாங்க் நிரம்பி வழிந்தாலும் முள் பாதியைத் தொடாது.

புது யூனிட்டை டாங்குக்குள் இறக்கும் முன் வெளியிலேயே ஒயரை மாட்டி, அதன் உடலை எர்த் செய்து, மிதவைக் கையை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். கை கொஞ்சம் வளைந்து வந்திருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். வளையத்தைப் பூட்டிய பிறகு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.