ரீஃபண்டில் பங்கு கேட்ட அண்ணன்

அமெரிக்காவில் டபிள்யூ-2 சம்பளம், அதாவது கம்பெனி ஊழியராகச் சம்பளம், வாங்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்ஸ் சீசனில் எனக்கு நடந்தது.

நான் பென்சில்வேனியாவில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஆபீஸிலிருந்து கிளையன்ட் இடங்களுக்குச் சொந்தக் காரில்தான் ஓட வேண்டும். கம்பெனி பெட்ரோலுக்கு ஒரு சென்ட் தராது. 2023 பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நின்றபடி இதைப் புலம்பினேன். பக்கத்தில் நின்றவர், "கைக்காசைப் போட்டு வேலை பார்க்குறீங்க, அதை வரிக் கணக்குல கழிக்காம விடலாமா தம்பி? நான் பாத்துக்கறேன்" என்றார். கூடுதலாக வரும் ரீஃபண்டில், அதாவது திரும்பி வரும் வரிப் பணத்தில், 15 சதவீதம் அவருக்கு. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊரில் கால் சென்ட் மனைக்கு வில்லங்கச் சான்று கேட்கிற ஆள் நான். இங்கே "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வழக்கத்தைவிட 3,036 டாலர் அதிகமாக வந்தது. 455 டாலரை போனிலேயே அனுப்பினேன்.

2024 ஜூனில் ஐஆர்எஸ் என்கிற வருமான வரித் துறையிடமிருந்து கடிதம். ஷெட்யூல் சி-யில் காட்டிய 13,800 டாலர் செலவுக்கு ரசீது வேண்டுமாம். என்ன ஷெட்யூல் சி? அன்றுதான் என் ரிட்டர்னை, அதாவது அனுப்பிய வரிக் கணக்கை, முழுதாகப் படித்தேன். அது சொந்தத் தொழிலின் வரவு செலவைக் காட்டும் படிவமாம். எனக்கே தெரியாமல் நான் ஒரு கன்சல்டிங் தொழில் நடத்திக்கொண்டிருந்தேன். வரவு 0. கார் செலவு 6,200, வீட்டு ஆபீஸ் 3,900, மற்றது போன், நாற்காலி, இன்னும் ஏதேதோ. தயாரித்தவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் பெயரும் இல்லை, வரிக் கணக்குத் தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் பி.டி.ஐ.என். எண்ணும் இல்லை. நானே தயாரித்ததாகப் போயிருக்கிறது. அண்ணனின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

பிறகு பார்த்த சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) பொறுமையாக விளக்கினார். 2017 வரை சம்பளக்காரர்கள் இப்படிப்பட்ட செலவில், வருமானத்தின் 2 சதவீதத்தைத் தாண்டும் பகுதியை ஷெட்யூல் ஏ என்கிற கழிவுப் படிவத்தில் கழிக்க வழி இருந்தது. 2018-லிருந்து ஃபெடரல் (மத்திய அரசு) ரிட்டர்னில் அது கிடையாது. ராணுவ ரிசர்வ், ஆசிரியர் மாதிரிச் சிலருக்குத்தான் விலக்கு. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்தக் கதவை நிரந்தரமாகவே சாத்திவிட்டது. கதவு மூடியிருப்பது தெரிந்துதான் இந்த ஆள் இல்லாத தொழிலை உருவாக்கியிருக்கிறார்.

3,036 டாலரைத் திருப்பிக் கட்டினேன். அதன் மேல் 20 சதவீத அபராதம் 607 டாலர், வட்டி தனி. யார் தயாரித்தாலும் ரிட்டர்ன் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. பணத்தைவிடத் தூக்கத்தைக் கெடுத்தது விசா. ஹெச்-1பி-யில் இருப்பவன் சொந்தத் தொழில் செய்வதாக அரசாங்கத்திடமே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? இமிக்ரேஷன் வக்கீலுக்கு 300 டாலர் கொடுத்து அதையும் கேட்டுக்கொண்டேன். ஃபார்ம் 14157-இல் அந்த ஆள் மேல் புகார் அனுப்பியிருக்கிறேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பென்சில்வேனியா மாநில ரிட்டர்னில் நியாயமான வேலைச் செலவை ஷெட்யூல் யூஇ என்கிற படிவத்தில் இன்றும் காட்டலாம். வீட்டிலிருந்து ஆபீஸ் போவது சேராது. ஆபீஸிலிருந்து கிளையன்ட் இடத்துக்குப் போவது சேரும். மைல் கணக்கு பார்த்ததில் என் உண்மைச் செலவு 2,100 டாலர். மாநில வரி 3.07 சதவீதம். ஆக, எனக்கு நேர்மையாக வர வேண்டியது 64 டாலர்.