ரிட்டர்ன் தேதியை மாற்றுவதா, டிக்கெட்டையே விடுவதா?

தங்கையின் பேறுகாலத்துக்காக அம்மா நியூஜெர்சி போயிருந்தார். போக, வர சேர்த்து எடுத்த ஒரே டிக்கெட். குழந்தை பிறந்து ஐந்து வாரத்தில் சென்னை திரும்புவதாக ஏற்பாடு. சிசேரியன் ஆகிவிட்டதால் தங்கைக்கு இன்னும் கொஞ்ச நாள் துணை வேண்டியிருந்தது. "மூணு வாரம் கூட இருந்துட்டு வரட்டுமாப்பா?" என்று அம்மா போனில் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு விமான நிறுவனத்தின் தளத்தைத் திறந்தேன். புதிய தேதிக்குக் கேட்ட தொகை 41,300 ரூபாய்.

பிரித்துப் பார்த்தால், தேதி மாற்றக் கட்டணம் 12,000 தான். மீதி 29,300 ரூபாயும் கட்டண வித்தியாசம். எந்த வழி லாபம் என்று பார்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரே எகானமி இருக்கையைப் பல அடுக்குகளாக, ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எழுத்து வைத்து விற்கிறார்கள். மாதக்கணக்கில் முன்னால் எடுத்தால் கீழ் அடுக்கு கிடைக்கும். புதிய தேதியில் அந்த அடுக்கு தீர்ந்துபோயிருந்தால், இருக்கிற அடுக்கின் விலைக்கு நாம் ஏற வேண்டும். 2020இல் அமெரிக்க விமான நிறுவனங்களான யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் மூன்றும் 200 டாலர் மாற்றக் கட்டணத்தை நீக்கியபோதுகூட இந்த வித்தியாசத்தை நீக்கவில்லை. மலிவான பேசிக் எகானமிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. வெளிநாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்கும் டிக்கெட்டுக்குத்தான் அது பொருந்தியது. அதனால் 'மாற்றக் கட்டணம் இல்லை' என்ற வரியைப் பார்த்ததும் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் முதலில் கேட்டது ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில் பள்ளி விடுமுறை தொடங்கும் நேரம். ஒவ்வொரு தேதியாக மாற்றிப் பார்த்துக்கொண்டே போனேன். ஞாயிறு இன்னும் அதிகம். திங்கள் கொஞ்சம் இறங்கியது. செவ்வாய்க்கிழமைக்கு வித்தியாசம் வெறும் 6,800. மாற்றக் கட்டணத்தோடு சேர்த்து 18,800. மூன்று நாள் தள்ளியதில் 22,500 ரூபாய் மிச்சம். தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு, கட்டணம் கட்டி மாற்றும் இந்த முதல் வழி பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

இரண்டாவது வழி, திரும்பும் பாதியை விட்டுவிட்டுப் புதிதாக ஒருவழி டிக்கெட் எடுப்பது. அதையும் பார்த்தேன். 70,000 ரூபாய்க்கு மேல் போனது. நீண்ட தூரம் பறக்கும் முழுச்சேவை நிறுவனங்களில், போக வர விலையில் பாதிதான் ஒருவழி விலை என்று கணக்குப் போடக் கூடாது. பாதியைவிட மிக அதிகமாக இருப்பது சகஜம்.

ஆனால் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்றால் கதை வேறு. இண்டிகோ, ஸ்கூட், ஏர்ஏசியா போன்ற மலிவுவிலை நிறுவனங்கள் போவதற்கும் வருவதற்கும் தனித்தனி விலை வைக்கின்றன. அங்கே மாற்றக் கட்டணமும் வித்தியாசமும் சேர்ந்தால் பல நேரம் புது டிக்கெட்டே மலிவு. திரும்பும் நாள் உறுதியில்லை என்றால், இந்த ஊர்களுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளாக எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குடிநுழைவில் ரிட்டர்ன் டிக்கெட் காட்டச் சொன்னாலும் காட்டுவதற்கு ஒன்று கையில் இருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. கடைசிப் பயணத்தை மட்டும்தான் இப்படி விடலாம். ஒரே டிக்கெட்டில் முதல் பயணத்தையோ நடுவில் ஒன்றையோ விட்டால், மீதி எல்லாம் ரத்தாகிவிடும். விடுவதாக இருந்தாலும் விமானம் கிளம்பும் முன் முறையாக ரத்து செய்துவிடுங்கள். ரத்து செய்யாமல், விமானத்துக்கும் போகாமல் 'நோ-ஷோ' ஆகிவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம். இந்திய விமான நிறுவனத்தில் இந்தியாவிலிருந்து கிளம்பும் பயணம் என்றால், டிக்கெட் விலை திரும்பக் கிடைக்காத வகையாக இருந்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி. கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது வழி, எடுக்கும்போதே மாற்ற வசதியுள்ள வகையை எடுப்பது. விலை கூடுதல்தான். ஆனால் பேறுகாலம் பார்க்கப் போகும் பெற்றோருக்கு நான் இனி இதைத்தான் எடுப்பேன். பிரசவத் தேதி நம் கையில் இல்லை. எட்டாயிரம், பத்தாயிரம் கூடக் கொடுத்தால், பெற்ற மகளை நடக்க முடியாத நிலையில் விட்டுவிட்டு வரும் நெருக்கடி ஓர் அம்மாவுக்கு வராது. எடுக்கும் முன் மாற்றக் கட்டணம் எவ்வளவு, பயணம் தொடங்கிய பிறகும் மாற்றலாமா, எத்தனை மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் கட்டண விதிகளில் படித்துவிடுங்கள்.

ஏஜென்ட் மூலம் எடுத்தால் மாற்றுவதற்கும் அவரிடமே போகச் சொல்வார்கள், அவருடைய சேவைக் கட்டணமும் சேரும். நல்ல ஏஜென்ட் என்றால் அந்தப் பணம் வீணில்லை, கீழ் அடுக்கு திறக்கும் நாளைப் பார்த்து மாற்றித் தருவார். நிறுவனமே விமான நேரத்தைப் பெரிதாக மாற்றினால் உடனே பேசுங்கள், கட்டணமில்லாமல் தேதி மாற்ற அதுதான் நல்ல சந்தர்ப்பம். அமெரிக்கா போக வர உள்ள சர்வதேச விமானங்களில் நேரம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ மாறி, அதை நாம் ஏற்காவிட்டால் பணத்தையே திரும்பக் கேட்கலாம். 2024இல் வந்த அமெரிக்க விதி இது.

பணம் கட்டும் முன் நான் இன்னொன்றையும் பார்த்தேன். அமெரிக்காவில் தங்க அனுமதித்த கடைசி நாள், அந்த நாட்டுக்குள் நுழையும்போது பதியும் ஐ-94 பதிவில் இருக்கும். விசா முத்திரையில் உள்ள தேதி அது அல்ல. புதிய தேதி அதற்குள் இருந்தது. மருத்துவக் காப்பீட்டையும் அதே தேதி வரை நீட்டினேன்.

செவ்வாய்க்கிழமை டிக்கெட் மின்னஞ்சலில் வந்தது. திறந்து பார்த்தால், பழைய டிக்கெட்டில் பதிந்திருந்த வீல்சேரும் சைவச் சாப்பாடும் இதில் இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, நடுவில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். உடனே போன் செய்து இரண்டையும் மறுபடி பதிய வைத்து, அது டிக்கெட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தங்கைக்குச் சொன்னேன்.