நாய்க்குட்டிப் பால்பவுடர்: பவுடர் நன்று, அளவுக் கரண்டி மோசம்

தாயில்லாத குட்டிகளுக்கென்று புதுச்சேரி, கடலூர் பெட் ஷாப்களில் தரும் டப்பா பவுடரைத் தயங்காமல் வாங்கலாம். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பசும்பாலை மட்டும் நம்பினால் குட்டி தேறாது, கழிச்சலும் பிடிக்கும். இந்தப் பவுடர் வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைகிறது.

கோளாறு அளவுக் கரண்டியில்தான். ஒரு பங்கு பவுடருக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் கரண்டியில் கோடு இல்லை, குவித்தே அள்ள வருகிறது. கத்தி முதுகால் தலைதட்டி எடுங்கள். "கெட்டியா கலக்குங்க, சீக்கிரம் எடை ஏறும்" என்று கடையில் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், குட்டியின் சிறுநீரகம் அதைத் தாங்காது. செம்மறிக் குட்டிக்குச் சிறுநீரக வடிகட்டிகள் பிறக்கும் முன்பே உருவாகி முடிந்துவிடும். நாய்க்குட்டிக்கோ பிறந்து இரண்டு மூன்று வாரம்வரை அவை உருவாகிக்கொண்டே இருக்கும். சிறுநீரைச் சுண்டவைத்து நீரை மிச்சம்பிடிக்கும் திறன் பெரிய நாய் அளவுக்கு வர 8 முதல் 10 வாரம் ஆகும். அதுவரை கெட்டிப் பாலில் வரும் உப்பையும் யூரியாவையும் வெளியே தள்ள, குட்டி தன் உடம்புத் தண்ணீரையே செலவழிக்கும். நீர்க்கக் கரைப்பதும் தப்பு: வயிறு நிறையும், சத்து சேராது, மிஞ்சிய தண்ணீரைச் சட்டென்று கழிக்கவும் அந்தச் சிறுநீரகத்துக்கு வேகம் போதாது.

நம் கடலோரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்பேறிய போர் தண்ணீரில் கலக்கினால், பவுடர் சரியாக இருந்தும் பால் உப்புக் கூடியதாகிவிடும். காய்ச்சினாலும் உப்பு போகாது. ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கலக்குங்கள்.

முதல் வாரம் 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 13 மி.லி. ஆக, 300 கிராம் குட்டிக்கு மூன்று மணிக்கு ஒருமுறை 5 மி.லி., உடம்புச் சூட்டில். ஜில்லிட்டுக் கிடக்கும் குட்டியை முதலில் சூடேற்றுங்கள், பிறகுதான் பால். குப்புற வைத்தே ஊட்டுங்கள். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் இறங்கும்.

ஊட்டி முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூத்திரத் துவாரத்தை மெல்ல வருடுங்கள். மூன்று வாரம்வரை தானாகப் போகாது. பஞ்சில் நிறமே தெரியாவிட்டால் நல்லது. மஞ்சள் பிடித்தால் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் நம்பகமில்லை. மூத்திரத்தைச் சோதிக்கும் ஸ்ட்ரிப்பில் கொஞ்சம் சர்க்கரையோ புரதமோ காட்டினால் பதற வேண்டாம், இந்த வாரங்களில் அது சகஜம். ஆனால் வலி மருந்து, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

டப்பா மூடி இறுக்கமில்லை, கடற்காற்றில் பவுடர் சீக்கிரம் கட்டிபிடிக்கிறது. காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கலக்கிய பால் ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.