கீப்பர் லீக்கில் பணம் கட்டும் முன் ரூக்கி விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

ஃபேண்டஸி பேஸ்பாலில் (நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் போட்டி போடும் ஆட்டம்) கீப்பர் லீக், டைனஸ்டி லீக் என்று, வீரர்களை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ளும் லீக்குகளில் புதிதாகச் சேரப்போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். 200 டாலர் கட்டி ஆடிய லீக்கில், 130 என்கிற ஒரே ஒரு எண்ணை வைத்து கன்னர் ஹெண்டர்சனை என் அணியிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். லீக்கின் பெயரோ அதை நடத்தும் கமிஷனரின் பெயரோ இங்கே வேண்டாம். அதைச் செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ரூக்கி, அதாவது புதுமுக வீரர், விதியை அரைகுறையாக எழுதி வைத்திருக்கும் எந்த லீக்கிலும் இதைச் செய்ய முடியும்.

எங்கள் லீக்கில் 12 அணிகள். அடுத்த சீசனுக்கு ஆறு பேரைக் கீப்பராக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் மூன்று ரூக்கிகள். இந்த மூன்று பேர் அந்த ஆறில் சேரமாட்டார்கள், செலவும் கிடையாது. சொல்லப்போனால் இப்படிப்பட்ட லீக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த மூன்று இடங்களில்தான். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு கூகுள் ஷீட்டில் இருந்தது ஒரே ஒரு வரி: "ரூக்கி: 130 / 50, எம்எல்பி விதிப்படி."

எம்எல்பி, அதாவது அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால், விதி ஒன்றும் மர்மம் இல்லை. முந்தைய சீசன்களில் மொத்தமாக 130 அட்-பேட்டைத் தாண்டாத பேட்டர், 50 இன்னிங்ஸைத் தாண்டாத பிட்சர் (பந்து வீசுபவர்), இவர்கள்தான் ரூக்கி; யாராக இருந்தாலும் மேஜர் லீக் ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) 45 நாளையும் தாண்டியிருக்கக் கூடாது. காயப் பட்டியலில் இருந்த நாட்கள் அந்த 45-இல் சேராது. இதில் கவனிக்க வேண்டியது அட்-பேட் என்பது. பேட்டர் களத்துக்கு வந்த ஒவ்வொரு முறையும் அது அட்-பேட் ஆகாது. வாக் (நான்கு தவறான பந்துக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) கிடைத்தால், பந்து உடம்பில் பட்டால், சாக்ரிஃபைஸ் (தான் அவுட்டாகிக் கூட்டாளியை முன்னேற்றுவது) ஆடினால் பிளேட் அப்பியரன்ஸில், அதாவது களத்துக்கு வந்த மொத்தக் கணக்கில், ஒன்று ஏறும், அட்-பேட்டில் ஏறாது. கிரிக்கெட்டில் வைடு போட்டால் பேட்ஸ்மேன் சந்தித்த பந்துக் கணக்கில் அது சேராதில்லையா, அந்த மாதிரி.

ஹெண்டர்சனை பால்டிமோர் ஓரியோல்ஸ் 2022 ஆகஸ்ட் 31 அன்றுதான் மைனர் லீக்கிலிருந்து மேலே கூப்பிட்டது. சீசன் அக்டோபர் 5-இல் முடிந்துவிட்டதால் 45 நாள் பிரச்சினையே இல்லை. 34 ஆட்டங்களில் 116 அட்-பேட், 16 வாக். ஆக பிளேட் அப்பியரன்ஸ் 132. புரிந்திருக்குமே!

2023 மார்ச்சில், கீப்பர் பட்டியல் கொடுக்கும் கடைசி நாளுக்கு முந்தைய இரவு கமிஷனரிடமிருந்து மெசேஜ் வருகிறது: ஹெண்டர்சன் 132, எல்லை 130, அதனால் ரூக்கி இடத்தில் வைக்க முடியாது, வேண்டுமானால் ஆறு கீப்பரில் ஒருவராக வைத்துக்கொள். அந்த ஆறில் மூக்கி பெட்ஸ், ஹோசே ராமிரெஸ் மாதிரி நட்சத்திரங்கள் எல்லாம் இருக்கிறார்கள், யாரைத் தூக்கி எறிவது? சரி, எண்ணுவதில் ஏதோ குழப்பம் என்று நினைத்து எம்எல்பியின் சொந்த ரூக்கி விதிப் பக்கத்தையே அனுப்பினேன். பதில் இல்லை. ஷீட்டைத் திறந்து பார்த்தால் அந்த வரி "130 பிஏ / 50 ஐபி" (பிஏ என்றால் பிளேட் அப்பியரன்ஸ், ஐபி என்றால் இன்னிங்ஸ்) என்று மாறியிருக்கிறது, "எம்எல்பி விதிப்படி" என்கிற சொற்களையே காணோம். வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தேன். அந்தக் கட்டம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தது, பக்கத்தில் கமிஷனரின் கணக்கு, அதே வாரத்துத் தேதி. கேட்டதற்கு அவர் சொன்னது: "விதியை மாற்றவில்லை, தெளிவுபடுத்தினேன்."

தெளிவுபடுத்துகிறவர் சீசன் நடக்கும்போதே எல்லோருக்கும் பொதுவாகத் தெளிவுபடுத்தலாமே, அதை ஏன் கடைசி நாளுக்கு முந்தைய இரவு ஒருவனுக்கு மட்டும் செய்ய வேண்டும்? இன்னொரு வேடிக்கை, கமிஷனரின் ரூக்கி இடத்தில் கோடாய் செங்கா உட்கார்ந்திருந்தார். ஜப்பான் லீக்கில் பல வருஷம் ஆடிவிட்டு 30 வயதில் மெட்ஸுக்கு வந்தவர். ஜப்பானில் ஆடியது மேஜர் லீக் கணக்கில் வராது என்பதால் எம்எல்பி விதிப்படி அவர் ரூக்கிதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் செங்காவுக்கு எம்எல்பி விதி, ஹெண்டர்சனுக்கு வீட்டு விதியா? கார்பின் கேரல் என்ற இன்னொரு ரூக்கியை வைத்திருந்தவருக்கும் தொந்தரவு இல்லை, கேரல் 104 அட்-பேட்தான், எப்படி எண்ணினாலும் 130-ஐத் தாண்டமாட்டார். மாட்டியது நான் மட்டும்.

ஹெண்டர்சனை விட்டேன். டிராஃப்டில் (மீதி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் நாள்) முதல் வாய்ப்பு கமிஷனரின் மைத்துனருக்கு, அவர் யாரை எடுத்தார் என்று நான் சொல்லவே வேண்டாம். அந்த வருஷம் ஹெண்டர்சன் 28 ஹோம் ரன் அடித்தார், நவம்பரில் அமெரிக்கன் லீக்கின் சிறந்த ரூக்கி விருது, முதலிட ஓட்டு முப்பதும் அவருக்கே. எங்கள் லீக்கில் ரூக்கியே இல்லை என்று ஒதுக்கப்பட்ட ஆள்! தனியாகப் பேசும்போது "நீ சொல்வது சரிதான்" என்ற மேனேஜர்கள் குரூப் சாட்டில் வாயே திறக்கவில்லை. ஓட்டெடுப்பு கேட்டேன், விதி ஏற்கெனவே இருக்கிறது என்றார் கமிஷனர். பணத்தைக் கேட்டேன், டிராஃப்ட் முடிந்துவிட்டது என்றார். பணம் அவருடைய சொந்தக் கணக்கில் இருந்தது, அதற்கு மேல் பேச வழியில்லை.

அதனால் சேருமுன் கேளுங்கள். எண்ணுவது அட்-பேட்டா, பிளேட் அப்பியரன்ஸா? 45 நாள் விதி உண்டா? ரூக்கியா இல்லையா என்பதை சீசன் முடிந்ததும் ஒரு தடவை முடிவு செய்வார்களா, அல்லது சீசன் நடுவே 131 ஆன அன்றைக்கே இடத்தைக் காலி செய்யச் சொல்வார்களா? பின்னது என்றால் மாற்றிக்கொள்ள எத்தனை நாள் தருவார்கள்? ஜப்பான், கொரியாவிலிருந்து வருகிறவர்கள் சேர்த்தியா? போஸ்ட்சீசன் (சீசன் முடிந்தபின் நடக்கும் பட்டப் போட்டிகள்) கணக்கில் வருமா? எம்எல்பி அதைச் சேர்ப்பதில்லை. ராண்டி அரோஸரேனா 2020 போஸ்ட்சீசனில் 10 ஹோம் ரன் அடித்துவிட்டு 2021-இல் சிறந்த ரூக்கி விருது வாங்கினாரே, அது அதனால்தான். சில தளங்களில் இருக்கும் என்ஏ ஸ்லாட்டை ரூக்கி ஸ்லாட் என்று நினைத்துவிடாதீர்கள், அது மைனர் லீக்கில் இருக்கிறவர்களுக்கானது, மேலே கூப்பிட்டதும் அந்தத் தகுதி போய்விடும். அப்புறம் விதி எழுதிய பக்கத்தை, பணம் கட்டும் அன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டுவிடுங்கள். பணம் லீக்சேஃப் (லீக் பணத்தைப் பொதுவாக வைத்திருக்கும் தளம்) மாதிரி ஒரு இடத்தில், பெரும்பான்மை ஓட்டு இருந்தால்தான் வெளியே வரும் என்கிற ஏற்பாட்டில் இருக்கட்டும். கமிஷனர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் சேராதீர்கள்.

எங்கள் லீக்கில் நான் விட்ட இடத்துக்கு ஆள் தேடுவதாகக் கேள்வி. "130 பிஏ" என்று எழுதிய ஷீட்டோடு யாருக்காவது அழைப்பு வந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், பழைய வரியின் ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.