ஸ்லைஸுக்கு மருந்து: பிடியா, வீச்சுப் பாதையா?

எங்கள் தோட்டத்து ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தில் வலப்பக்கம் முழுக்கச் செம்பனை. வலக்கை ஆட்டக்காரரின் ஸ்லைஸ், அதாவது வலப்பக்கம் வளைந்து ஓடும் பந்து, அங்கேதான் போய் விழும். வெட்டிப் போட்ட மட்டைக்குள் பந்தைத் தேடினால் முள்தான் மிச்சம்.

பிடியை மாற்றுவது சுலபம். இடக்கையைச் சற்று வலப்புறம் திருப்புங்கள். குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். வலப்பக்கம் பார்த்துத் திறந்தே வரும் கிளப் (அடிகோல்) முகம் அடிக்கும்போது மூடும். கொஞ்ச நாள் கைக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

கிளப் வரும் வீச்சுப் பாதை அப்படியல்ல. வெளியிலிருந்து உள்ளே, உடல் பக்கமாக வெட்டும் பழக்கம் தோளில் ஊறியது. பந்துக்கு வெளிப்பக்கம், சற்றுப் பின்னால் கிளப் உறையை வைத்து, அதில் படாமல் அடித்துப் பழகலாம். ஆனால் முகம் திறந்திருக்க, பாதையை மட்டும் திருத்தினால் பந்து கிளம்பும்போதே வலப்பக்கம்தான்.

என் ஓட்டு முதலில் பிடிக்கு. அப்புறம் பந்து வளையாமல் இடப்பக்கம் போனால், சரி, உறையை எடுத்து வையுங்கள்.