பச்சைக் காபிக்கொட்டை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: சாம்பிள் வேறு, மூட்டை வேறு

வீட்டில் காபிக்கொட்டை வறுப்பவர்களும், இனிமேல் ஆரம்பிக்கலாம் என்று இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எனக்குப் போனது 8,500 ரூபாய். பணம்கூடப் போகட்டும். மூன்று வாரம் என் கையைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

எனக்குச் சேலம். மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு மலை தெரியும். 1820 வாக்கிலேயே சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச்செடி கொண்டுவந்து வைத்த மலை. அதன் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஓர் ஆளிடம் ஃபோனிலேயே பேசி ‘சிக்மகளூர் ஸ்பெஷாலிட்டி அரபிகா’ வாங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நியாயம்தான்.

வறுப்பது எனக்கு இரண்டு வருடப் பழக்கம். முதலில் இரும்புச் சட்டி, பிறகு கேஸ் அடுப்பின் மேல் வைத்துக் கையால் சுற்றும் சின்ன உருளை. ஒரு தடவைக்கு 250 கிராம். நிறத்தைவிட மூக்கையும் காதையும்தான் நம்புவேன். பச்சை வாசம் போய், கொட்டை மஞ்சளாகி, ரொட்டி சுடுவது மாதிரி ஒரு வாசம் வரும். அப்புறம் 195 டிகிரியைத் தாண்டும்போது பட்பட்டென்று முதல் வெடிப்பு. அது தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் இறக்கி, முறத்தில் கொட்டி, டேபிள் ஃபேன் முன்னால் புடைத்தால் தோலெல்லாம் பறந்துவிடும். அம்மா திட்டுவது தனி.

போன வருடம், 2025 பிப்ரவரி தொடக்கத்தில், வறுப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் எனக்கு இதை விற்றவர் வந்தார். எஸ்டேட்டிலிருந்து நேரடி, புது அறுவடை, வாஷ்ட் (கழுவிப் பதப்படுத்தியது), பிளாண்டேஷன் ஏஏ, கப்பிங் (சுவைப் பரிசோதனை) மதிப்பெண் 86. கூடவே மதிப்பெண் தாளின் படம். அரைக்கிலோ சாம்பிள் வாங்கினேன். பொய் சொல்லக்கூடாது, அருமையான கொட்டை. நீலம் கலந்த பச்சை, ஒரே அளவு, முகர்ந்தால் புல் வாசம். வறுத்து ஒரு வாரம் விட்டு டிகாக்‌ஷன் இறக்கினேன். சர்க்கரை போடாமலே குடிக்க முடிந்தது.

அந்த மாதம்தான் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியிருந்தது. ‘சார், அடுத்த வாரம் கிலோ ஆயிரத்தைத் தொடும், இப்பவே பத்து கிலோ எடுத்து வச்சுக்கங்க, 850க்குத் தர்றேன்’ என்றார். விலை ஏறிக்கொண்டிருந்தது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் என்னை அவசரப்படுத்தினார். ஜிபேயில் முழுப்பணமும் அனுப்பினேன். பில் கேட்கவில்லை.

பத்து நாளில் மூட்டை வந்தது. பிரித்ததும் ஈரச்சாக்கு வாசம். கொரியரில் வந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். கொட்டை கொஞ்சம் வெளிறியிருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரியும் என்று நினைத்தேன். மனசு எவ்வளவு நல்ல வக்கீல் பாருங்கள்.

முதல் வறுவலில் வெடிப்பு சேர்ந்து வரவில்லை. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. சில கொட்டைகள் கருகும் நேரத்தில் சில இன்னும் பழுப்பிலேயே நின்றன. குடித்தால் ஈர அட்டைப்பெட்டியை ஊறவைத்த மாதிரி. இரண்டாவது தடவை தீயைக் குறைத்தேன். மூன்றாவது தடவை கூட்டினேன். நான்காவதில் 200 கிராம் மட்டும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. முன்பு வாங்கிய கொட்டையில் 250 கிராம் போட்டால் நான் வறுக்கும் பதத்துக்கு 213, 214 கிராம் மிஞ்சும். இதில் அதே நிறத்துக்கு 203தான் நின்றது. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அவர் கோபப்படவே இல்லை. ‘எத்தனை நாள் ரெஸ்ட் விட்டீங்க சார்? பத்து நாளாச்சும் விடுங்க, உள்ளே இருக்கற கேஸ் வெளியே போகணும்’ என்றார். பத்து நாள் விட்டேன். அப்புறம், ‘உங்க ரோஸ்ட் ப்ரொஃபைல் அனுப்புங்க, உருளையைச் சூடு பண்ணாமப் போடறீங்கன்னு நினைக்கிறேன்’. எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடு என்ற அந்தக் கணக்கை அனுப்பினேன். ‘கிரைண்ட் சைஸ் மாத்திப் பாருங்க.’ மாற்றினேன். ‘தண்ணி எந்தத் தண்ணி?’

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேற நாள் எடுக்கும், உருளை சூடாக இல்லாவிட்டால் கொட்டை வேகாது, தண்ணீர் சுவையை மாற்றும். எல்லாம் சரி. நல்ல ஆசான் சொல்கிற அதே வார்த்தைகளைச் சொல்லி நாளைக் கடத்தினார். வீட்டில் வறுக்கிறவனுக்கு ‘நமக்குச் சரியாகத் தெரியாதோ’ என்ற கூச்சம் எப்போதும் உண்டு. அவர் கடை நடப்பதே அந்தக் கூச்சத்தின் மேல்தான். இதற்குள் ஒன்றரைக் கிலோவை வறுத்துத் தீர்த்திருந்தேன். வறுத்த கொட்டையைக் காட்டி யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

கடைசியில் ஒரு கைப்பிடியைக் கவரில் போட்டுக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கும் காபித்தூள் கடைக்குப் போனேன். அந்தப் பெரியவர் நாற்பது வருடமாக வறுக்கிறார். கவருக்குள் வாயை வைத்து ஒரு தடவை ஊதினார், உடனே மூக்கை வைத்தார். ஒரு கொட்டையைக் கடித்தார். கல் மாதிரி இருக்க வேண்டியது, பல் பதிந்தது. மிச்சத்தை உள்ளங்கையில் பரப்பி விரலால் இரண்டாகப் பிரித்தார்.

‘எங்க வாங்கினீங்க தம்பி?’

‘ஆன்லைன்லண்ணா. ஸ்பெஷாலிட்டி அரபிகா.’

‘இந்தப் பக்கம் இருக்கறது அரபிகாதான், ஆனா போன வருஷத்துச் சரக்கு. மழையில வச்சிருந்திருக்காங்க. இந்தப் பக்கம் ரொபஸ்டா செரி. இதுக்குப் போயி நீங்க தீயை மாத்திட்டு இருந்தீங்களாக்கும்.’

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டுக் கற்றுக்கொண்டேன். அரபிகாவும் ரொபஸ்டாவும் காபியில் இரண்டு வேறு இனங்கள். அரபிகா நீள்வட்டமாக இருக்கும், நடுக்கோடு பாம்பு மாதிரி லேசாக வளைந்து போகும். ரொபஸ்டா குண்டாக இருக்கும், கோடு நேராக இருக்கும். பழத்துக்குள் ஒற்றையாக விளையும் பீபெரியும் குண்டுதானே என்று குழம்ப வேண்டாம். பீபெரிக்குத் தட்டையான பக்கம் கிடையாது, பட்டாணி மாதிரி உருண்டிருக்கும். வறுத்த பிறகு பார்க்க இன்னொரு அடையாளமும் சொன்னார். கழுவிப் பதப்படுத்திய கொட்டை என்றால் வறுத்தாலும் நடுக்கோட்டில் வெள்ளையாக ஒரு தோல் நிற்கும். பழத்தோடு காயவைத்த செரி என்றால் அந்தக் கோடும் பழுப்பாகிவிடும். என் டப்பாவில் இரண்டும் கலந்து கிடந்தது. மூன்று வாரமாகத் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரொபஸ்டா மட்டம் என்று சொல்லவரவில்லை. நம் ஃபில்டர் காபியின் கெட்டித்தன்மைக்கு அது வேண்டும், நல்ல ரொபஸ்டா நல்ல விலைக்கே போகிறது. ஆனால் அதை அதன் பெயரில் விற்க வேண்டும். தவிர, இரண்டையும் கலந்து பச்சையாகக் கொடுத்தால் யாராலும் ஒழுங்காக வறுக்க முடியாது. இரண்டும் சூட்டை ஒரே மாதிரி வாங்காது.

வீட்டுக்கு வந்ததும் 350 கிராம் எடைபோட்டு வெள்ளைத்தட்டில் பரப்பினேன். ஸ்பெஷாலிட்டி என்று சொல்ல உலக அளவில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு அதுதான்: 350 கிராம் பச்சைக்கொட்டையில் பெரிய குறை ஒன்றுகூட இருக்கக்கூடாது, சின்னக் குறைகள் ஐந்துக்கு மேல் போகக்கூடாது, சுவைப் பரிசோதனையில் 100க்கு 80 வாங்க வேண்டும். என் தட்டில் முழுக் கறுப்பு 11. புளித்துச் செம்பழுப்பானது 17. காய்ந்த பழம் தோலோடு 2. பூச்சி துளைத்ததை 60 வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை, இந்தியாவில் முதன்முதலாக 1990-ல் நீலகிரி கூடலூரில் தென்பட்ட அந்தக் காய்த்துளைப்பான் வேலை. உடைசல் ஒரு கைப்பிடி. ரொபஸ்டாவை மட்டும் பொறுக்கி எடைபோட்டால் 94 கிராம். ஒரு கல்.

கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணுவதற்கு நான்கு நாள் முன்னால் கிரைண்டரில் ‘கரக்’ என்று ஒரு சத்தம் வந்து நின்றது. கழற்றினால் பல்லில் ஒரு மூலை போயிருந்தது. அதற்கு 1,400 ரூபாய் தனி.

விற்றவருக்குத் தட்டின் படங்களை அனுப்பியதும் அவர் தொனி மாறியது. ‘இது மான்சூன்ட் ஸ்டைல் சார், அதான் வெளுத்திருக்கு.’ மேற்குக் கடற்கரையில் செரிக் கொட்டையை மழைக்காற்றில் மாதக்கணக்கில் ஊதவிட்டு வெளுக்க வைக்கும் மான்சூன்ட் மலபார் ஒரு தனிச் சரக்கு, புவிசார் குறியீடு உள்ளது. அப்படியானால் விளம்பரத்தில் வாஷ்ட் என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள், ‘விவசாயப் பொருள், ரிட்டர்ன் கிடையாது.’

அப்போதுதான் அந்த 86 மதிப்பெண் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறுவடை வருடம் இருக்க வேண்டிய மேல் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. மதிப்பெண் என்பது ஒரு குறிப்பிட்ட வருடத்தில், ஒரு குறிப்பிட்ட லாட்டுக்குக் கிடைப்பது. அதே தோட்டத்தின் அடுத்த மூட்டைக்குக்கூட அது பொருந்தாது. ‘ஏஏ’வும் அப்படித்தான். அது சல்லடைக் கணக்கு: 7 மில்லிமீட்டரைவிடச் சற்றுப் பெரிய ஓட்டையில் விழாமல் நிற்கும் கொட்டை. அளவைச் சொல்லுமே தவிர ருசியைச் சொல்லாது. சிக்மகளூர் அரபிகாவுக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு விளைந்த இடத்தைக் காட்டும், மூட்டை எத்தனை மழை பார்த்தது என்று காட்டாது. இந்த மூன்றையும் ஒரே வரியில் அடுக்கியிருந்தார். நான் மூன்றையும் கூட்டி ‘தரம்’ என்று படித்துக்கொண்டேன்.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, ஃபோன் செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள். விற்றவர் பெயர், முகவரி, பில் எண் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு கைபேசி எண்ணும் யுபிஐ முகவரியும்தான். பார்சலில் அனுப்புநர் என்று இருந்தது கொரியர் கடையின் முத்திரை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். எல்லாம் இருக்கிறது. ஆனால் யார்மேல் போடுவது?

ஆகவே, வாங்கப்போகிறவர்களுக்கு. ஜிஎஸ்டி எண்ணும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் உள்ள பில் இல்லாமல் ஒரு கிலோகூட வேண்டாம். சாம்பிள் பிடித்திருந்தால், ஒரு வாரம் விட்டு நண்பர் பெயரில் இன்னொரு சாம்பிள் வாங்குங்கள். பெரிய மூட்டை வந்த அன்றே, வறுப்பதற்கு முன், வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள், 350 கிராம் எண்ணுங்கள், அரைக்கிலோவைத் தொடாமல் ஒட்டி வையுங்கள். கடைக்காரர் ‘ரெஸ்ட் விடுங்க’ என்றால் விடுங்கள். ஆனால் எண்ணின கணக்கை அனுப்பிவிட்டு அப்புறம் விடுங்கள். அரபிகா அறுவடை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. ஆகஸ்டில் ஒருவர் ‘இப்பத்தான் பறிச்சது’ என்றால் ஃபோனை வைத்துவிடலாம்.

போன மாதம் அவரே மறுபடி கூப்பிட்டார். நான் இப்படி எழுதப்போவது குழுவில் யார் மூலமோ தெரிந்திருக்கிறது. ‘மூவாயிரம் போட்டுவிடறேன் சார், பதிவு மட்டும் வேண்டாம்’ என்றார். வாங்கவில்லை.

மிச்சம் எட்டுக் கிலோ அட்டாலியில் கிடந்தது. அம்மா ஒரு நாள் இறக்கி, டிவி பார்த்துக்கொண்டே முறத்தில் போட்டுப் பொறுக்க ஆரம்பித்தார், ரேஷன் அரிசி பொறுக்குகிற மாதிரி. இதுவரை தேறியது மூன்றேகால் கிலோ. பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார், கல்லுக்கு.