கரி சமோவர், 5 லிட்டர்: யாங்கோன் வீட்டுக்குச் சரிப்படுமா?

மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத யாங்கோனில், கரியில் எரியும் பித்தளைச் சமோவரைத் தாராளமாக வாங்கலாம். அதில் எதை ஊற்றுவது என்று மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ரஷ்ய மொழியில் 'சமோ' என்றால் தானே. 'வர்' கொதித்தலைக் குறிக்கும் வேர். தானே கொதிக்கும் கலம். ஆனால் உள்ளே கொதிப்பது தண்ணீர் மட்டுமே. காஷ்மீரில் இதே பெயரில் வழங்கும் மூக்குள்ள செம்புக் கலத்தில் தேநீரே கொதிக்கும். கேரளத்து டீக்கடையில் சமோவர் என்றால் வெந்நீர் பாய்லர். இங்கே பார்ப்பது துலா பாணி. 1778இல் லிசித்சின் சகோதரர்கள் சமோவர் பட்டறை போட்ட ரஷ்ய ஊர் துலா. இதில் தேயிலையைப் போட்டால் குழாய்த்துளை அடைக்கும். பால் ஊற்றினால், கனல் எரியும் நடுப்புகைக்குழாயின் வெளிப்புறத்தில் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். கை விட்டுத் தேய்க்கவும் இடமிருக்காது.

முதலில் தண்ணீர், பிறகுதான் நெருப்பு. மூட்டுகளைப் பற்றவைத்திருப்பது ஈயப்பற்று. அதிலுள்ள வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை பித்தளை அந்தச் சூட்டுக்குப் போகாது. வெறும் கலத்தில் கனல் போட்டால் அடிப்பகுதியே கழன்றுவிடும். அணைக்கும்போதும் கனல் ஆறும்வரை கொஞ்சம் தண்ணீர் உள்ளே நிற்கட்டும்.

விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பி, நடுப்புகைக்குழாய்க்குள் கனலும் அதன்மேல் சிறு கரித்துண்டுகளும் போட்டு, புகைபோக்கியை மாட்டுங்கள். கொதிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். வராந்தாவிலோ முற்றத்திலோதான் வைக்க வேண்டும். மூடிய அறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து. கொதித்ததும் புகைபோக்கியை எடுத்துவிட்டு, மேல்வளையத்தைப் பொருத்தி, டிகாஷன் கெட்டிலை அதன்மேல் வையுங்கள். அரை லிட்டர் வெந்நீருக்கு ஆறு தேக்கரண்டி தேயிலை. கோப்பையில் கால் பங்கு டிகாஷன், மீதி குழாய் வெந்நீர்.

விருந்தாளிகளுக்கு யேனுவே ஜான் என்ற பர்மியப் பாலில்லாத் தேநீரை ஊற்றிக்கொண்டே இருக்க இதைவிட வசதியானது கிடையாது. சோ செய்ன் என்ற இனிப்பான பால் தேநீர் போடுவதற்கு இது சரிப்படாது. கண்டென்ஸ்டு பாலைத் தாங்கும் கெட்டி டிகாஷன் அடுப்பில் நேரம் பிடித்துக் கொதித்தால்தான் இறங்கும்.

பழைய கலம் வாங்கினால் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். வெள்ளீயப்பூச்சு தேய்ந்து செம்மஞ்சள் நிறமோ பச்சைக் களிம்போ தெரிந்தால், வெள்ளீயம் பூசாமல் அதில் தண்ணீர் காய்ச்சக் கூடாது. குழாய்ச் சாவியைத் திருப்பியும் பாருங்கள். இதில் வாஷர் கிடையாது. கூம்புச் சாவி துளையில் இறுக உட்கார்ந்தால்தான் ஒழுகாது. ஒழுகினால் நுண்ணிய தேய்ப்புப் பசை தடவி, சாவியை அதே துளையில் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். வெளிப்பக்கத்துக்குப் புளி போதும். உள்ளே உப்புப் படிந்தால் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீர் ஊற்றி ஊறவையுங்கள். கம்பி நார் மட்டும் வேண்டாம், ஈயத்தை அது சுரண்டிவிடும்.